எண்ணெய் மாத்தின கையோட பெடாஸுக்கு

போன வாரம் காருக்கு எஞ்சின் எண்ணெய் மாத்தப் போனேன். வேலை அவ்வளவுதான்.

தோட்டத்துல டிராக்டர் ஓட்டின காலத்துலேர்ந்து எனக்கு எண்ணெய்னா கெட்டியா இருக்கணும். டிராக்டருக்கு ஊத்தின அதே எண்ணெயைத்தான் என் குட்டிக் காருக்கும் ஊத்திக்கிட்டு வந்தேன். கார் பெட்ரோலை நல்லாக் குடிச்சிச்சு. குடிக்கிற வண்டிதான் உழைக்கும்னு விட்டுட்டேன்.

மந்தின் டவுன்ல கார்ப் பட்டறை வச்சிருக்கிற சந்திரன், நான் கொண்டுபோன எண்ணெய் டப்பாவைத் தள்ளி வச்சான்.

"அங்கிள், இது லாரிக்கு ஊத்துறது லா. கெட்டி மாவுல கரண்டியைச் சுத்துற மாதிரி எஞ்சின் திணறுது. இந்தக் காருக்கு மெல்லிசு எண்ணெய்தான். பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும்."

கொஞ்சம்னுதான் சொன்னான். வீடு வர்றதுக்குள்ள நானே அதை நிறையன்னு ஆக்கிட்டேன்.

மறுநாள் பெடாஸ் கோயில்ல என் மச்சான் மகளுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை மாலை எங்க பொறுப்பு. வீட்டுக்காரி சரசு மாலைக் கூடையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்தா.

சிரம்பான் தாண்டுறப்போ பெட்ரோல் விளக்கு எரிஞ்சது.

"என்னாங்க, ஸ்டேஷன் வருது. ஊத்திட்டுப் போயிடலாம்."

"அந்த விளக்குக்கு நாம எண்ணெய் மாத்தினது தெரியாது."

அடுத்த ஸ்டேஷன்லயும் சொன்னா.

"சும்மா வா. இனிமே இது பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும்."

பெடாஸுக்குக் கொஞ்சம் முன்னாடி, ரெண்டு பக்கமும் பாமாயில் எடுக்கிற செம்பனை மரம் மட்டும் இருக்கிற இடத்துல கார் நின்னுச்சு. ஒரு முனகல் இல்ல. எண்ணெய் நல்ல எண்ணெய்தான்.

சரசு கூடையோட இறங்கினா. "முகூர்த்தம் நெருங்குது. மாலைக்குப் பதிலா எங்க அண்ணன் துண்டையா போடுவாரு?"

செம்பனைக் குலை ஏத்தின லாரி ஒண்ணு வந்து நின்னுச்சு. ஓட்டுறவரு நம்ம தமிழ் ஆளு.

"என்னாச்சுக்கா?"

"எண்ணெய் மாத்தினாரு."

"சரி."

"பெட்ரோல் ஊத்தல."

அவரு என்னை ஒரு தடவை பார்த்தாரு.

"முன்னால ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்குக்கா."

சரசு கூடையோட ஏறிட்டா. 'நீங்க எப்படி வருவீங்க'ன்னு ஒருத்தரும் கேட்கல. பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பின்னால குலை மேல ஏறி உட்கார்ந்தேன். நான் ரப்பர் தோட்டத்து ஆளு. செம்பனைக் குலையில முள்ளு இருக்குன்னு கேள்விதான் பட்டிருந்தேன்.

ஐயர் மாலை எங்கேன்னு கேட்கவும், கூடை உள்ள போகவும் சரியா இருந்துச்சு. மச்சான் முகத்துல அப்பத்தான் ரத்தம் ஓடுச்சு.

பந்தியில எல்லாரும் "உட்காருங்க மாமா, உட்காருங்க"ன்னு உபசரிச்சாங்க.

நின்னுக்கிட்டே சாப்பிட்டேன்.