லிங்கப்பனாரின் தொடக்க உதை

கால்பந்தைக் கண்டுபிடித்தது எந்த நாடு என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் கால்பந்துத் தொடக்க விழாவை அதன் சிகரத்துக்குக் கொண்டுபோனது மைசூர்தான் என்பதில் எந்த அறிஞருக்கும் ஐயம் இருக்க முடியாது. அப்படி யாருக்காவது ஐயம் இருந்தால், அவர் 'மைசூரு மகளிர் கால்பந்து வளர்ச்சிச் சமிதி'யின் ஒரு கூட்டத்துக்குக்கூட வந்ததில்லை என்று பொருள்.

சமிதியில் உறுப்பினர்கள் பதினோரு பேர். ஓர் அணிக்கு எத்தனை பேரோ அத்தனை பேர். பதினோரு பேரும் ஆண்கள். 'மகளிர்' என்ற சொல் பெயர்ப்பலகையிலேயே பெரிய எழுத்தில் இருப்பதால், உறுப்பினர் பட்டியலிலும் அதையே திரும்பச் சொல்வது மிகை என்று முதல் கூட்டத்திலேயே ஏகமனதாக முடிவாகிவிட்டது. தலைவர் லிங்கப்பன் கொள்ளேகாலத்திலிருந்து வந்து மண்டி மொஹல்லாவில் வெல்ல மொத்த வியாபாரம் செய்பவர். அவர் தொடங்கி வைக்காத விளையாட்டு மைசூரில் இல்லை. விளையாடிய விளையாட்டும் இல்லை.

சமிதிக்குச் செயலாளர் இராமச்சந்திரன். தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் அழைப்பிதழ் எழுதத் தெரிந்த குற்றத்துக்காக இந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. வாக்குரிமை கிடையாது, வேலை செய்யும் உரிமை மட்டும் முழுமையாக உண்டு. மனிதர் நல்லவர். யார் எதைச் சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்று எழுதிக்கொள்வார்.

பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சர்வதேசக் கால்பந்துப் போட்டியின் தகுதிச் சுற்று வரப்போகிறது, அதில் ஆடும் இந்திய அணிக்கு மைசூரில் ஒரு தேர்வு ஆட்டம் நடத்துங்கள் என்று கடிதம் வந்ததும் சமிதி அவசரமாகக் கூடியது. இருபத்திரண்டு பெண்கள், இரண்டு அணி, எழுபது நிமிட ஆட்டம், பார்த்து ஆள் எடுக்க மாதேவி என்ற தேர்வாளர். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். தொடக்க விழாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதியவர்களின் அறியாமையைச் சமிதி பெருந்தன்மையோடு மன்னித்தது.

"தொடக்க உதை நான் உதைக்கறனுங்க. பந்து கோலுக்குள்ள போகோணும்," என்றார் லிங்கப்பன். "போன வருசம் கபடிக்கு 'கபடி கபடி'ன்னு சொல்லித் தொடங்கி வெச்சேன். போட்டோவுல கொட்டாவி விடற மாதிரி வந்துபோச்சு."

"போகும் சார். ஆனா அங்க கோல்கீப்பர் நிப்பாங்களே?" என்றார் இராமச்சந்திரன்.

"நிக்கட்டும். நின்னுபோட்டு வேற பக்கம் பாயட்டும். பெரியவங்களுக்கு அது ஒரு மரியாதைங்க."

உடனே ஏழாம் தீர்மானம் நிறைவேறியது: 'தலைவர் அவர்கள் பந்தை உதைக்கும் தருணத்தில் கோல்கீப்பர் எதிர்ப்புறமாகவும், பார்வைக்கு அழகாகவும் பாய்தல் வேண்டும்.' இராமச்சந்திரன் அதை நோட்டில் எழுதினார். அந்தக் கோல்கீப்பர் அவருடைய மகள் மோகனப்ரியா.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தீர்மானத்தை வாசித்துக் காட்டினார். மோகனப்ரியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எதிர்ப் பக்கம்னா, அவரு எந்தப் பக்கம் உதைப்பாருப்பா?"

"அது அவருக்கே தெரியாதும்மா."

"பேடப்பா, வேண்டாம்! மாதேவி மேடம் பாத்துட்டு இருப்பாங்க. டீம்ல ஒரே ஒரு கீப்பர் இடம்தான் காலி. அவங்க முன்னாடி நான் கோல் விடணுமா?"

"அது விழாம்மா, விளையாட்டு இல்ல. அப்புறம் மேட்ச் இருக்குல்ல? அதுல எல்லாத்தையும் பிடிச்சுக்கோ."

"மேட்ச் நடக்குமா?"

இராமச்சந்திரனுக்குக் கோபம் வந்தது. நிகழ்ச்சி நிரலை அச்சடித்தவர் அவர். அதில் பதினான்காவது வரியாக, நன்றியுரைக்கும் அடுத்ததாக, 'நேரமிருப்பின் ஆட்டம்' என்று தெளிவாகப் போட்டிருந்தார். அச்சில் வந்த பிறகும் ஒரு பெண் சந்தேகப்படுகிறாள் என்றால் என்ன சொல்வது! ஆனால் கோபம் நிலைக்கவில்லை. ஆறு வருடமாக விடியற்காலையில் அவளை மைதானத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தானே. அவளுக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் அவர். "ஒரே ஒரு பந்து, எனக்காக," என்றார். அவள் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் மங்களகரமாக இருந்தது. ஷாமியானாக்காரர்கள் மேடையைப் போட நல்ல சமதளமான இடமாகத் தேடி, ஒரு கோல் கம்பத்துக்கு நேர் முன்னால் போட்டிருந்தார்கள். விழா முடிந்ததும் மேடையைப் பிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று ஏற்பாடு.

மாதேவி பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டார். கோலார் தங்கவயல்காரர், அந்தக் காலத்தில் தானும் கோல்கீப்பராக ஆடியவர், தமிழ் நன்றாகப் பேசினார். "ஒரு மணிக்கு நான் கிளம்பணும். சாயங்காலம் ஃப்ளைட். பத்துக்கு ஆரம்பிச்சிடலாம்ல?" என்று கேட்டார்.

"கண்டிப்பா மேடம். பத்துக்கு ஆரம்பம்," என்றார் இராமச்சந்திரன். எது ஆரம்பம் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பத்துக்குப் பிரார்த்தனை ஆரம்பமானது. வரவேற்புரை, விளக்கேற்றல், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றல், முன்னுரை, முன்னுரைக்கு நன்றி. உறுப்பினர்கள் பதினோரு பேருக்கும் மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை கட்டி, சால்வை போர்த்தி, பழக்கூடை கொடுத்தாக வேண்டும். கொடுப்பதற்குத் தட்டு ஏந்த ஆள் வேண்டும். மைதானத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது அந்த இருபத்திரண்டு பெண்கள்தான். சமிதி அவர்களுக்குப் பொறுப்பு வழங்கிக் கௌரவித்தது. சால்வைத் தட்டு, பழத் தட்டு, கற்பூரத் தட்டு, தலைவரின் கண்ணாடிக்கென்று தனியாக ஒரு தட்டு.

குண்டலுபேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து மனிஷா வந்திருந்தாள். மோகனப்ரியாவின் தோழி, முன்கள ஆட்டக்காரி. பந்து அவள் காலுக்குப் போனால் பார்க்கிறவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அவள் இராமச்சந்திரனைத் தேடி வந்தாள்.

"அங்கிள், வார்ம்அப் முடிச்சிட்டேன்."

"இன்னொரு தடவை பண்ணும்மா."

"மூணு தடவை ஆய்த்து அங்கிள்."

நாலாவது தடவைக்குப் பிறகு அவள் கையில் சால்வைத் தட்டு வந்தது. மாதேவி நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு அந்தச் சரித்திர வேளை வந்தது. லிங்கப்பன் பேட்டாவோடும் மாலையோடும் பெனால்டி புள்ளிக்கு எழுந்தருளினார். மோகனப்ரியா மேடை இல்லாத மறுமுனைக் கோலில் நின்றாள். போட்டோ அழகாக வர வேண்டும் என்று அவள் தலையிலும் ஒரு பேட்டாவை வைத்திருந்தார்கள்.

லிங்கப்பன் உதைத்தார். மோகனப்ரியா சொன்ன சொல் தவறாத பெண். இடப்பக்கம் அழகாகப் பாய்ந்தாள், விழுந்தாள், ஒரு கணம் தரையிலேயே கிடந்தாள். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். பேட்டாவைச் சரிசெய்தாள். பந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. நேராக அவள் காலடியில் வந்து நின்றது. தன்னைத் தேடி வந்ததை என்ன செய்வது? குனிந்து எடுத்துக்கொண்டாள்.

யாரோ ஒரு பெண் சிரித்தாள்; தட்டில் தேங்காய் குலுங்கியது.

"என்னங்க செயலாளர், தீர்மானம் என்னாச்சுங்க?" என்றார் லிங்கப்பன்.

இராமச்சந்திரன் கோலுக்கு ஓடினார். "என்னம்மா பண்ற?"

"நான் விடத்தான்பா பாத்தேன். அது வரவே இல்ல!"

"மறுபடி," என்றார் தலைவர். இந்த முறை ஓடி வந்து கோபத்தோடு உதைத்தார். பந்தும் புறப்பட்டது, வலது காலின் பம்ப் ஷூவும் புறப்பட்டது. ஷூ முந்திக்கொண்டது. மோகனப்ரியா ஒரு கையால் ஷூவையும் இன்னொரு கையால் பந்தையும் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் தீர்மானம் நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கை தானா போகுதுப்பா," என்று தூரத்திலிருந்தே கத்தினாள்.

மாதேவி தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டுவந்து கோல் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "ஏய் பொண்ணு, நீ விட்டுக்கொடுக்கிறதப் பாக்க நான் இவ்வளவு தூரம் வரல. இனி ஒண்ணு உள்ள போச்சுன்னா உன் பேரை அடிச்சிடுவேன்," என்றார். அதற்கப்புறம் மோகனப்ரியாவுக்கு அப்பாவும் தெரியவில்லை, தீர்மானமும் தெரியவில்லை.

தலைவர் இருமுறை உதைத்துவிட்டார், தங்களுக்கு ஒருமுறைகூட இல்லையா என்று உபதலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. மரியாதை என்பது எல்லோருக்கும் சமம். ஆகவே உபதலைவர் உதைத்தார், பொருளாளர் உதைத்தார், இணைப் பொருளாளர் உதைத்தார், முழங்கால் வலிக்காரரான ஆலோசகர் இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு உதைத்தார். ஒவ்வொருவருக்கும் பெயர் வாசித்து, மாலை போட்டு, போட்டோ எடுத்த பிறகு உதை. மோகனப்ரியா இடப்பக்கம் பாய்ந்து பிடித்தாள், வலப்பக்கம் பாய்ந்து பிடித்தாள், ஒன்றைக் காலால் தடுத்தாள். ஒருமுறை பேட்டா பறந்து போக, பந்தைப் பிடித்துக்கொண்டு கீழே விழுவதற்குள் அதையும் தலையில் வாங்கிக்கொண்டாள். பெண்கள் தட்டுகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். இராமச்சந்திரன் தன்னை மறந்து "அப்படிப் போடு!" என்று கத்திவிட்டு, பொருளாளரின் முறைப்பைப் பார்த்து, "உங்க உதையைத்தான் சொன்னேன் சார்," என்றார்.

பதினோராமவரும் உதைத்து முடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால். நன்றியுரை பாக்கி. மேடை அப்படியே நின்றது. ஷாமியானாக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

மாதேவி எழுந்தார். "கீப்பரைப் பாத்துட்டேன். இவளை எடுத்துக்கறேன். மத்தவங்க யாரையும் பாக்கல," என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். "இதைச் செயலாளர்தான் நிரப்பிக் கையெழுத்துப் போடணும். ஆட்டம் நடந்துச்சுன்னு இருந்தா இவ பேர் உறுதி. நடக்கலைன்னா இன்னைக்குத் தேர்வே செல்லாது. அடுத்த வாரம் பெங்களூர்ல மொதல்ல இருந்து எல்லாரும் வரணும், இவளும்தான். உள்ளதை எழுதுங்க."

லிங்கப்பன் இராமச்சந்திரனின் தோளில் அன்பாகக் கை வைத்தார். "இதுல யோசிக்க என்னங்க இருக்குது? எழுபது நிமிசம்னு போட்டுருங்க. உங்க புள்ளைக்கு எடம் கெடைச்சுபோச்சு. சமிதிக்கும் பேரு. அடுத்த விழா அவளுக்குத்தானுங்க!"

ஆறு வருட விடியற்காலைகள். இராமச்சந்திரனின் பேனா 'எழுபது' என்று எழுதப் போய்ப் படிவத்துக்கு மேல் நின்றது. யாருக்கும் நட்டமில்லையே என்று நினைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது எதிரே மனிஷா உட்கார்ந்திருந்தாள். காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதில் பந்து பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

மோகனப்ரியா கையுறையைக் கழற்றியபடி வந்து படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, எனக்குப் பந்து அடிச்சவங்க எல்லாருக்கும் அறுபது வயசுப்பா. மனிஷா அடிச்சு நான் ஒண்ணுகூடப் பிடிக்கல. உள்ளதை எழுதுங்க."

"இடம் போயிடும்மா."

"மறுபடி வெச்சா மறுபடி பிடிக்கிறேன்."

இராமச்சந்திரன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ஸ்டோர்ஸில் இருப்பு எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்தில், ஒவ்வொரு கேள்விக்கும் நேராக விடை எழுதினார். லிங்கப்பன் பெருமையோடு, சமிதியின் சாதனை பதிவாவதைக் காண, கண்ணாடியைத் தட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து வாசித்தார்.

ஆட்டம் நடந்த நேரம்: இல்லை.

களத்தில் பந்து ஆடியோர்: பன்னிரண்டு பேர்.

அவர்களுள் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள்: ஒருவர்.

ஏனைய இருபத்தொரு வீராங்கனைகள் அப்போது செய்தது: ஆடியவர்களுக்குத் தட்டு ஏந்தினார்கள்.