அருவிக்கு முதுகு காட்டியவர்

எதையும் பார்ப்பதற்காகப் போகாமல், பார்த்ததாகக் காட்டுவதற்கென்றே போகிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. இவர்களுக்குக் கடல் என்றால் நிற்க ஓர் இடம். மலை என்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு திரை. நேற்று முளைத்த இனம் என்று நினைத்துவிடாதீர்கள். புகைப்படப் பெட்டிக்கு மூன்று மரக்கால்களும் ஒரு கறுப்புத் துணியும் இருந்த காலத்திலேயே இவர்கள் இருந்தார்கள்.

அந்த முன்னோர்களில் ஒருவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். சாட்சி கையெழுத்துப் போடாத எதுவும் நடக்கவே இல்லை என்பது அவர் கட்சி. அதனால் தெருவில் அவருக்கு ‘அத்தாட்சியார்’ என்று பெயர்.

அவருடைய மைத்துனர் ஜவுளிக்கடைக்காரர். எங்கோ ஒரு மலைக்கு முன்னால் மார்பை நிமிர்த்தி நிற்கும் தன் படத்தைக் கடைச் சுவரில் மாட்டி, துணி வாங்க வருகிறவர்களுக்கு முதலில் அதைக் காட்டி, அவர்கள் ‘அடேயப்பா’ சொன்ன பிறகே துணியைக் காட்டுவார். ஒருநாள் கடை நிறைந்த கூட்டத்தில் கேட்டுவிட்டார்: “மச்சான், நீங்க தெருமுனையையாவது தாண்டியிருக்கீங்களா?”

போதாதா? அத்தாட்சியார் வீட்டுக்கு வந்து கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். அதன் பிறகுதான், ஊரெல்லாம் போய்ப் பார்க்கிற அந்த அருவிக்கு எந்த ரயில் போகிறது என்று விசாரித்தார்.

அருவிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் என்ன பார்த்தார்? படக்காரரின் கடை எங்கே என்று பார்த்தார். தொப்பியும் கோட்டுமாக, சாரல் படாமல் குடையைப் பிடித்தபடி பாறையில் ஏறி, குடையை மடக்கிவிட்டு அருவிக்கு முதுகைக் காட்டி நின்றார். பக்கத்தில் மனைவி. தலை ஆடாமலிருக்க இருவர் பிடரியிலும் ஆளுக்கோர் இரும்புக் கவ்வியைப் பொருத்தினார் படக்காரர்.

“பெட்டி மூடியைத் திறந்து மறுபடி மூடற வரைக்கும் அசையக் கூடாதுங்க. அசைஞ்சா மூஞ்சி கலைஞ்சிடும்.”

“பின்னாடி தண்ணி அசையுதே?”

“அதுக்கும் தினம் சொல்லித்தான் பாக்கறேன் ஐயா. கேக்க மாட்டேங்குது.”

மூடி திறந்தது. அத்தாட்சியார் இமைக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. மைத்துனரை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். மனைவியோ, பின்னால் அத்தனை பெரிய முழக்கம் கேட்கும்போது எத்தனை நேரம்தான் பொறுப்பாள்? கவ்வியிலிருந்து கழுத்தை உருவிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

படம் தபாலில் வந்தது. ஆணிக்கு விமோசனம். மைத்துனருக்கு அழைப்புப் போனது. அவர் வந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், பார்த்தார்.

“நல்லா வெளுத்திருக்கு.”

“எது?”

“பின்னாடி காயப்போட்டிருக்கற விரிப்பு. எந்தச் சலவைக்கடை?”

“அருவிய்யா அது!”

“இருக்கட்டும். பக்கத்துல கழுத்துக்கு மேல புகையா நிக்கறது யாரு?”

“உங்க அக்கா.”

“கல்யாணம் பண்ணிக் குடுக்கறப்ப தலையோடதானே அனுப்பினோம்! சரி மச்சான், போனீங்கன்னே வெச்சுக்குவோம். அருவி எப்படி இருந்துச்சு?”

அத்தாட்சியார் படத்தைப் பார்த்தார். அதில் அவருடைய கோட்டுப் பொத்தான்கள்கூடத் துல்லியமாகத் தெரிந்தன. அருவியின் உச்சியை மட்டும் அவருடைய தொப்பி மறைத்திருந்தது.

காபியோடு வந்த மனைவிதான் பேசினாள். “காதால கேக்கறது இல்ல தம்பி, காலால கேக்கறது. நிக்கற பாறையே உறுமுது. மேலேருந்து விழறப்ப நடுவுல ஒரு இடத்துல தண்ணி அப்படியே யோசிக்கற மாதிரி நின்னு, அப்புறம் விழுது. நான் திரும்பிப் பாத்தேனா, முகமெல்லாம் நனைஞ்சு போச்சு. அழுதேனா சாரலான்னு எனக்கே தெரியல.”

மைத்துனர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நிஜமாவே போயிருக்கீங்க!”

அத்தாட்சியாருக்கு இது வெற்றியா தோல்வியா? அவருக்கே பிடிபடவில்லை. இரவுச் சாப்பாட்டில் மெல்லச் சொன்னார்: “இன்னொரு தடவை போயிட்டு வரணும்.”

மனைவியின் முகம் மலர்ந்தது. “நிஜமாவா?”

“ஆமா. இந்தத் தடவையாவது நீ அசையாம நில்லு.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்போதெல்லாம் ஆணியும் வேண்டாம், தபாலும் வேண்டாம். கடைசியாக நீங்கள் போய்வந்த இடம் எப்படி இருந்தது? வாயால் சொல்லுங்கள், போதும். சட்டைப்பைக்குள் போன கையை முதலில் வெளியே எடுங்கள்.