பென்கோ தலையாட்டினான்

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பென்கோ தலையை மேலும் கீழும் ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தான். நான்கு ஆட்டு ஒழுங்காகப் போனது. ஐந்தாவதில் தலை தன் பாட்டுக்கு இடமும் வலமுமாகத் திரும்பிவிட்டது.

"போச்சு! மறுபடி 'இல்ல'ன்னுட்ட மாமா," என்றான் கதவில் சாய்ந்து நின்ற கமென், அவன் மனைவியின் தம்பி.

"ஆமான்னுதானடா ஆட்டினேன்!"

"நம்ம பல்கேரியாவுல அது ஆமா. எல்லையத் தாண்டினா அது இல்ல. அவங்களுக்கு ஆமான்னா மேல கீழ. கடற்கரை ஓட்டல்ல வெளிநாட்டுக்காரனுக்கு பீர் ஊத்தியே பாதி ஆயுசு போச்சு, எனக்குத் தெரியாதா?"

பென்கோ மறுபடி ஆட்டினான். கழுத்து சுளுக்கிக்கொண்டது.

அவன் வேலை பார்த்த குடைமிளகாய்த் தொழிற்சாலையை ஒரு டச்சுக் கம்பெனி வாங்கியிருந்தது. ஷிப்ட் மேற்பார்வையாளர் வேலைக்கு மறுநாள் நேர்காணல். இங்கிலீஷில் மட்டும்தான். அந்த வேலைக்குக் கண்ணாடி அறை உண்டு. கண்ணாடி அறையில் நாற்காலி உண்டு. சுட்ட மிளகாயின் ஆவியில் நின்று நின்றே பென்கோவின் முட்டி தேய்ந்துபோயிருந்தது. அவனுக்குப் பதவி வேண்டாம், கௌரவம் வேண்டாம். உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

முன்பு அந்த நாற்காலியில் இருந்த ப்ளாமென் இங்கிலீஷில் வெளுத்துவாங்குவான். இப்போது டப்ளினில் லாரி ஓட்டுகிறான். அவனுக்கு முன்னால் இருந்தவள் அதற்கும் மேல். அவள் இப்போது லண்டனில். ஆக, இங்கிலீஷ் இல்லாமல் நாற்காலி இல்லை. பென்கோவுக்குப் புரிந்தது இதுதான்.

"வெறும் தலையாட்டு பத்தாது," என்றான் கமென். "ஒரு வாக்கியம் வேணும். 'எங்க வேணாலும் போகத் தயார்!' இங்கிலீஷ்ல சொல்லித் தரேன். இந்தத் துடிப்புதான் மேலதிகாரிங்களுக்குப் பிடிக்கும்."

இரவுச் சாப்பாட்டுக்குள் பென்கோ அதை நூறு தடவை சொல்லிப் பார்த்தான். அவன் மனைவி நெவெனா கரண்டியை வைத்தாள்.

"ஏங்க, கிளிகூட நடுவுல மூச்சு விடும்."

"நாக்கு ஒட்டிக்குதுடி."

"நாளைக்குக் காலைல ஒரு மடக்கு ரக்கியா சாராயம் ஊத்திக்க மாமா. தானா வழுக்கும்," என்றான் கமென்.

காலையில் ஒரு மடக்கு மூன்று மடக்கானது.

நேர்காணல் அறைக்கு வெளியே, பாட்டில் கழுவும் ராதோஸ்தினா ஈர ஏப்ரனோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். பழைய ஆட்கள் எல்லோரையுமே கூப்பிட்டிருந்தார்கள்.

"பென்கோ அண்ணே, எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. உள்ள போயி என்ன பண்றது?"

தலையாட்டு ரகசியம் பென்கோவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டான். நாற்காலி ஒன்றுதானே இருக்கிறது.

"மரியாதையா இரு. அது போதும்," என்றான்.

உள்ளே, தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த உயரமான டச்சுக்காரி ஏதோ கேட்டாள். பென்கோ மேலும் கீழும் ஆட்டினான். அவள் புருவத்தைத் தூக்கினாள். மறுபடி நிதானமாகக் கேட்டாள். நடுவில் டப்ளின், லண்டன் என்று இரண்டு பெயர் காதில் விழுந்தது. ப்ளாமென் அளவுக்குத் தேறுவாயா என்கிறாள் போல. பென்கோ பல் கடகடக்க ஆட்டினான். ஆட்டியதோடு விடவில்லை. ரக்கியாவின் புண்ணியத்தில் அந்த வாக்கியம் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அழகாகச் சொன்னான். கேட்கக் கேட்க இன்னும் அழகாக.

டச்சுக்காரி பேனாவை மூடிவிட்டாள். மேலே கேட்க ஒன்றுமில்லை என்று அசந்துவிட்டாள்! அவள் கையைப் பிடித்து இரண்டு குலுக்குக் கூடுதலாகவே குலுக்கிவிட்டு வந்தான்.

அன்று மாலையே முதுகுக்கு ஒரு மெத்தை வாங்கிக்கொண்டு போனான். நாற்காலிக்கு.

திங்கள்கிழமை மெத்தையும் கையுமாகக் கண்ணாடி அறைக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நாற்காலியில் ராதோஸ்தினா. மேற்பார்வையாளரின் நீலக் கோட்டு, கழுத்தில் விசில். கால் மேல் கால்.

"நீ... இங்க..." பென்கோவுக்கு வாய் குழறியது. "உனக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதே!"

"இப்பவும் தெரியாது."

"அப்புறம் எப்படிடீ?"

"மேனேஜர் சொல்லித்தான் எனக்கே தெரியும் அண்ணே. அந்தம்மா எல்லார்கிட்டயும் கேட்டது ஒரே கேள்விதானாம். 'நீயும் வேலைய விட்டுட்டு வெளிநாட்டுக்கு ஓடிடுவியா?'ன்னு." ராதோஸ்தினா அவன் கையிலிருந்த மெத்தையை வாங்கி முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். "எனக்கு என்ன புரிஞ்சுது? நீங்க சொன்ன மாதிரி மரியாதையா, 'ஆமாங்க, ஆமாங்க'ன்னு நம்ம ஊர் வழக்கப்படி இடமும் வலமுமாத் தலைய ஆட்டினேன்!"