தூங்கச் சொல்லி அழைக்கப்பட்ட தண்டல்

படுத்துக்கொண்டே மூன்று இனத்தாரைக் கட்டி மேய்த்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். சிங்கப்பூர் ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாகக் குப்பை கொட்டிய காலத்தில், மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர், அதாவது தண்டல். ‘தூக்கத் தண்டல்’ என்போம். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

மதியம் ஆனால் மிளகு மூட்டைகள்மேல் துண்டை விரித்துச் சாய்ந்துவிடுவார். ஆற்றில் தொங்கான் படகுகள் அசையும். மிளகு வாசனையில் தலை கிறுகிறுக்கும். அந்த நேரத்தில் நடப்பதெல்லாம் எனக்கும் பாதிக் கனவாகத்தான் தெரியும். அவரைச் சுற்றித் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று கூட்டம் கூட்டமாகச் சாப்பிட்டுவிட்டுத் தத்தம் பாஷையில் கதையளப்பார்கள். தண்டல் எழுந்து தாம் கண்ட கனவைச் சொல்வார். கனவில் வந்ததுதான் சட்டம்.

ஒருமுறை அடுப்புச் சண்டை. சீனர்கள் பன்றி இறைச்சி வதக்கும் புகை மலாய்க்காரர்களின் சோற்றுப் பக்கம் போய், கைகலப்பே வந்துவிடும் போலிருந்தது. தண்டல் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார்.

“ஆப்பா மிம்பி, தண்டல்?” என்ன கனவு என்று மலாயில் கேட்டார்கள்.

“ஒரு பெரியவர் வந்தாரு. சீன அடுப்பை ஆத்துப் பக்கம் தள்ளி வைன்னாரு.”

யார் அந்தப் பெரியவர்? மூஞ்சி தெரியவில்லையாம்! சீனர்களுக்கு அவர் செத்துப்போன பாட்டனார். மலாய்க்காரர்களுக்கு ஊரைக் காக்கும் யாரோ ஒரு டத்தோ. நம்மவர்களுக்குச் சந்தேகமே இல்லை, முனியாண்டிதான். அடுப்பு நகர்ந்தது.

அப்புறம் புதுத் துரை வந்து சேர்ந்தார். மூட்டைமேல் படுத்திருந்த தண்டலைப் பார்த்தார். “தூங்குகிறவனுக்குச் சம்பளமா?” என்று அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே ஒரு சீனத் தொழிலாளி ஏறுபலகையில் சறுக்கித் தொங்கானுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். படகில் ஏதோ இருக்கிறது என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். மாலைக்குள் சரக்கு ஏறாவிட்டால் கப்பல் போய்விடும். கப்பல் போனால் கிடங்கையே மூட வேண்டியதுதான், அத்தனை பேர் பிழைப்பிலும் மண். துரை கத்தினார், கெஞ்சினார். ஒரு மூட்டையைத் தாமே தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் என்னைச் சிராங்கூன் ரோட்டிலிருந்த தண்டல் வீட்டுக்கு விரட்டினார்.

“தண்டல், துரை கூப்பிடுறாரு.”

“நேத்துத்தானே போன்னு சொன்னாரு? இப்ப எதுக்காம்?”

“தூங்கத்தான்.”

வந்து படுத்தார். அத்தனை பேரும் மூச்சடக்கி நின்றார்கள். மலாய்க்காரர் ஒருவர் விசிறினார். நம்மவர் ஒருவர் கால் பிடித்துவிட்டார். சீனர் ஒருவர் உபசாரமாகக் கடுந்தேநீர் கொடுத்து, வர இருந்த தூக்கத்தையும் விரட்டினார். துரை பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பூனை நடை நடந்தார். நேரம் போனதுதான் மிச்சம்.

தண்டல் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னை அருகே அழைத்தார். “கிராணியாரே, நான் என்னைக்குத் தூங்கினேன்? மூணு பாஷையும் காதுக்குப் பழகிப்போச்சு. கண்ணை மூடிக்கிட்டா மனசுல உள்ளதைப் பக்கத்துலயே பேசுவாங்க, கேட்டுக்கிட்டுக் கிடப்பேன். இப்படி வாயைப் பொத்திக்கிட்டு நின்னா எனக்குக் கனவு எங்கேருந்து வரும்? துரையைக் கொஞ்சம் உள்ள கூட்டிக்கிட்டுப் போங்க.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. துரையை உள்ளே அழைத்துப் போனேன். வெளியே மெல்ல முணுமுணுப்பு எழுந்தது. சற்றைக்கெல்லாம் தண்டல் எழுந்து உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டார்.

“பெரியவர் வந்தாரு. சீனருக்கு ஊதுவத்தி கொளுத்தணும், மலாய்க்காரருக்கு ஓதணும், நமக்கு எலுமிச்சம்பழம் வெட்டணும். அடுத்தவன் கோவிச்சுக்குவானோன்னு ஒருத்தரும் செய்யல. மூணையும் ஒண்ணாச் செய்யுங்கன்னாரு. இன்னொண்ணு. கால் ஒடிஞ்சவன் எழுந்து வர்ற வரைக்கும் அவன் எடத்துல வேற ஆளை வைக்கக் கூடாதாம்.”

நான் மொழிபெயர்த்ததும் துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். அந்தப் பெரியவர் லண்டன் முதலாளி என்று நினைத்தாரோ என்னவோ! எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்.

ஊதுவத்திப் புகை ஆற்றின்மேல் மிதந்துகொண்டிருக்க, கடைசி மூட்டையும் ஏறி, தொங்கான் கப்பலை நோக்கி நகர்ந்தது. வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று சொல்லத் தண்டலைத் தேடினேன். வெறுந்தரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். சுற்றிலும் எல்லாரும் சந்தோஷத்தில் இரைச்சல் போட்டார்கள், அவர் காதில் ஒன்றும் விழவில்லை. இது அசல் தூக்கம். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. முகத்தில் வெயில் படாமல் என் குடையை விரித்து வைத்துவிட்டு, அவர் விழிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.