இடுப்பில் செருகிய முருங்கைக்கீரை

ஆண்டிச்சாமி மூன்றாம் முறையாகத் தன் இடுப்பு மடிப்பைத் தடவிப் பார்த்தார். முருங்கைக்கீரைப் பொட்டலத்தைக் காணோம்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்குவது அவர் வேலை. போன மாதம் ஊருக்கு வந்த மருத்துவ முகாமில், மாத்திரையோடு தினமும் கீரையும் சேருங்கள், இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மனைவி ரோஜா முருங்கை இலையை நிழலில் உலர்த்திப் பொடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறாள். பத்து மணி மோரில் யாருக்கும் தெரியாமல் கலந்து குடிப்பார். தெரிந்தால் போச்சு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே போர்மேன் அய்யப்பன் சொன்னது அப்படி: "நெஞ்சு சரியில்லாதவன் மருந்து ரூமுக்குள்ள காலு வைக்கக் கூடாதுலே." காகிதக் குழாய் சுருட்டத் தள்ளிவிடுவார். பாதிக் கூலிகூடத் தேறாது.

இப்போது பொட்டலம் எங்கே? எதிரே காலையில் சலித்த கலவை குவிந்திருந்தது. குனிந்தபோது அதற்குள் கொட்டியிருக்குமோ? வேற்றுப்பொடி ஒரு சிட்டிகை விழுந்தாலே என்னாகும் என்று இருபது வருடமாக மற்றவர்களை மிரட்டியவர் அவர். உற்றுப் பார்த்தார். சாம்பல் நிறக் கலவை பச்சையாகத் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தார். இன்னும் பச்சையாகத் தெரிந்தது.

பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. வாசலில் இருந்த வாளித் தண்ணீரை அப்படியே அதில் கவிழ்த்தார். கவிழ்த்த பிறகுதான், அலுமினியப் பொடியில் தண்ணீர் பட்டால் சூடேறும் என்பது நினைவுக்கு வந்தது. அதையும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

கையை அருகே கொண்டுபோனார். லேசாகச் சுட்டது.

அவர் போட்ட சத்தத்தில் முப்பது பேரும் வெறுங்காலோடு வேலிவரை ஓடினார்கள். மீசையில் ஒட்டிய மோரைத் துடைத்தபடி அய்யப்பனும் ஓடிவந்தார். கலவையில் பல்லி விழுந்துவிட்டது என்றார் ஆண்டிச்சாமி. பல்லிக்கா தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டார் அய்யப்பன். ஆண்டிச்சாமி கையிலிருந்த காலி வாளியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கால் மணி நேரம் எல்லாரும் மருந்து ரூமின் கூரையையே பார்த்து நின்றார்கள். ஆண்டிச்சாமிக்கு நெஞ்சு அடித்த அடியில் வேறெதுவும் காதில் விழவில்லை.

கூரை அப்படியே இருந்தது. அய்யப்பன்தான் விடவில்லை. எவனோ வேண்டுமென்றே எதையோ கலந்திருக்கிறான், போலீசைக் கூப்பிட்டு எல்லார் மடியையும் சோதிக்கிறேன் என்றார். வெயிலில் நின்ற முப்பது முகங்களையும் பார்த்த ஆண்டிச்சாமிக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, எனக்குத்தேன் நெஞ்சு சரியில்ல. மோர்ல கலக்க முருங்கைப் பொடி கொண்டாந்தேன். அது உள்ள கொட்டிருச்சோன்னு பயந்துட்டேன்."

அய்யப்பனின் முகம் சிவந்தது. "நெஞ்சுல சீக்க வச்சுக்கிட்டா இம்புட்டு நாளா உள்ள நின்ன? முப்பது உசுருலே. நாளையிலருந்து இந்தப் பக்கம் வராத."

எல்லாருக்கும் மோர் ஊற்றிக் கொடுக்கும் சின்னத்தாய், கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"வாசக் கேட்டுப் பக்கத்துல கெடந்த பொட்டலமாண்ணே? நம்ம போர்மேன் அண்ணாச்சியோடதுன்னு நெனச்சு, எப்பவும்போல அவுக மோர்லதேன் கலக்கிக் குடுத்தேன்."