ஊதிவிட்டு இழு, மகள்

தோட்டவெளி,
மன்னார்.

பெருமதிப்புக்குரிய எடித் மச்சாள் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி அஞ்சலாவின் புருஷன் மில்ரன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கு எல்லோரும் சுகம், எங்கள் மகள் சுவேதினியைத் தவிர. இல்லை, அவளும் இப்போது சுகம்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஏனென்றால் போனில் நீங்கள் என்னை வாய் திறக்க விடுவதில்லை. பிள்ளைக்கு மூச்சிழுக்கிற முட்டு வருவது கடற்காற்றாலும் என் கவனக்குறைவாலும்தான், இந்த விடுமுறையோடு கொழும்புக்குக் கூட்டிப்போய் உங்களோடு வைத்துப் படிப்பிக்கப் போகிறீர்கள் என்று அஞ்சலா சொன்னாள். கொஞ்சம் பொறுங்கோ.

நடந்தது இதுதான். கிளினிக்கில் வாயால் இழுக்கிற மருந்துப் பம்பும், அதைப் பொருத்த ஒரு பிளாஸ்டிக் குடுவையும் தந்தார்கள். நான் கடலடியில் சங்கு எடுக்க மூச்சடக்கிச் சுழியோடுகிறவன். மூச்சு விஷயத்தில் எனக்கு ஆர் படிப்பிக்கிறது? அங்கத்தை நேர்ஸ் மிஸ்ஸி விளக்கம் சொல்லச் சொல்ல, ஓம் ஓம் என்று தலையாட்டிப்போட்டு வந்திட்டன். வீட்டில், "நெஞ்சு முட்டக் காத்தை எடு மகள், இப்ப வாயை வை, அடக்கு!" என்று பம்பை அமத்துவேன். அவளும் கன்னம் உப்ப, கண் பிதுங்க அடக்கிக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீட்டுச் சிங்கராசா அண்ணை கைதட்டுவார். எனக்குப் பெருமையும் புளுகமும் தாங்காது. மருந்தோ குடுவைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. பிறகு ஒருநாள் பூசைக்கு நடுவில் முட்டுப் பிடித்து, பிள்ளையின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது, மச்சாள், எனக்குச் சீவன் போயிட்டுது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மூச்சு சீரான பிறகு, உம்மு ஸல்மா மிஸ்ஸி எங்களைச் செய்துகாட்டச் சொன்னா. பார்த்துவிட்டு, "நெஞ்சு நிறையக் காத்தை வைச்சுக்கொண்டு மருந்தை எங்க தம்பி விடுறது? முதல்ல ஊதச் சொல்லுங்கோ. பிறகு அமத்துங்கோ, மெல்ல உள்ள இழுத்து அடக்கட்டும்" என்றா. லேசான காரியம்தான், ஆனால் எனக்கு வாய் வரவில்லையே! எங்கள் தொழிலில் காற்றை விட்டுவிட்டு இறங்கினவன் மேலே வரமாட்டான். பெற்ற பிள்ளையைப் பார்த்து எப்படி "ஊது" என்பது? "அப்பா, இது கடல் இல்லை" என்று அவளே ஊதிவிட்டு மருந்தை இழுத்தாள். இப்போது நேரம் தவறாமல் இரண்டு பேரும் கதிரை போட்டு எதிரெதிரே இருந்து செய்கிறோம், முடிய வாயும் கொப்பளிக்கிறாள், முட்டு இல்லை, பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடுகிறாள். ஆகையால் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்காதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.

உங்கள் வீட்டுக்காரர் எமில் அண்ணைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்கள் வாசற்படியை விட்டு அகலாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கொஞ்சம் பயந்த
மில்ரன்

பி.கு.: நான் எழுதினதைச் சுவேதினி பின்னால் நின்று வாசித்துவிட்டாள். கொழும்புக்குப் போகத்தான் போகிறாளாம். எனக்கு அழுகை வந்திட்டுது. ஏன் மகள் என்று கேட்டேன். "நான் போனா நீங்களும் வருவீங்கள் அப்பா. நீங்கள் கடலுக்குள்ள போய்த் திரும்பி வருமட்டும் எனக்கு மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு" என்கிறாள். மேலே எழுதினதை எல்லாம் கிழித்துப்போடுங்கோ, மச்சாள். தரையில் செய்கிற வேலை ஏதும் அந்தப் பக்கம் எனக்கு இருக்குமா என்று எமில் அண்ணையிடம் கேட்டுச் சொல்லுங்கோ.