அடிக்குறிப்பைத் துறக்காத பிக்கு

முற்றும் துறந்தவர்களில் ஒரு வகை உண்டு. வீட்டைத் துறப்பார்கள், தலைமுடியைத் துறப்பார்கள், கூடப் பிறந்த அக்காவின் கல்யாணத்தைக்கூடத் துறப்பார்கள். அடிக்குறிப்பை மட்டும் துறக்க மாட்டார்கள். அறிஞராகிவிட்ட பிக்கு என்று பெயர். பார்த்திருப்பீர்களே?

நம்மவர் பத்தொன்பது வயதில் மடத்தில் சேர்ந்தார். ‘நான்’ என்று ஒன்று இல்லை என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள், இவர், “எந்தச் சுவடியில, எத்தனையாவது வரியில?” என்று கேட்டார். தலைமைப் பிக்கு பெரிய கும்பிடாகப் போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து அங்கியின் மடிப்பில் ஒரு சிவப்புப் பென்சில். யாராவது விழுந்து கும்பிட்டு ஆசி கேட்டால், படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் கிடைக்கும்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை, பேராசிரியர் நாற்காலி. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று அவரே எழுதிய கட்டுரை ஆய்விதழில் அச்சேறினால் நாற்காலி நிச்சயம். இல்லாவிட்டால் இல்லை. அனுப்பிவிட்டு மூன்று வருடம் காத்திருந்தார்.

ஆய்விதழ்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கருத்துக் கேட்பார்கள். அப்படியொரு பெயரில்லாக் கட்டுரை ஒருநாள் இவரிடம் வந்தது. தலைப்பைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என் விஷயத்தில் எவன் கை வைத்தான்? நார் நாராகக் கிழித்தார். ‘இவருக்கு அரிச்சுவடியே தெரியவில்லை. முக்கால்வாசி என்னிடமிருந்து திருடியது’ என்று எழுதி அனுப்பினார்.

அடுத்த மாதம் அவருடைய கட்டுரை திரும்பி வந்தது. நேரே ஆய்விதழ் அலுவலகத்துக்குப் போய்க் குதித்தார்.

“எந்த மடையன் வேண்டாம்னு சொன்னான்? என் பேராசிரியர் நாற்காலியே போச்சு!”

குமாஸ்தா அம்மாள் கோப்பை நீட்டினார். “கோவிச்சுக்காதீங்க சாமி. இது உங்க கையெழுத்துதானே? இந்த விஷயம் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானேன்னு உங்களுக்கே அனுப்பிட்டேன்.”

தான் எழுதியதைத் திரும்பப் படிக்கும் வழக்கம் அறிஞர்களுக்கு ஏது? முகம் செத்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் விடுவாரா?

“அம்மா, மூணு வருஷத்துக்கு முன்னாடி எழுதினவன் வேற, இப்போ படிச்சவன் வேற. நிலையான ஆள்னு யாருமே கிடையாது.”

“சரிங்க சாமி. அப்போ நாற்காலி கேக்கறது யாரு?”

பிக்கு சிவப்புப் பென்சிலை எடுத்து, கோப்பின் மேலட்டையில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்கு முன், இந்தப் பக்கத்தில் எத்தனை பிழை கண்டுபிடித்தீர்கள்? ஒன்றாவது இருந்தால் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். முடி இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம்.